பெரியவர்களுக்கான பொம்மைப் படம்

பெரியவர்களுக்காக அனிமேஷன் படம் எடுக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குப் புரியாது. மீதிப் பேர் குரலைத் தாழ்த்தி, "அந்த மாதிரிப் படமா மச்சான்?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுத் தோளில் தட்டுவார்கள்.

அதற்கு முன்பு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் இருந்தேன். நர்சரிப் பாட்டுகளுக்கு ஆடும் கத்தரிக்காய், கண் சிமிட்டும் பஸ், இவற்றை வரைவதுதான் வேலை. சொந்தமாக ஒரு படம் வரைய வேண்டும் என்று அதை விட்டேன். மனைவி தடுக்கவில்லை. சேக்காட்டில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தாள். அந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிந்தது.

படம் எங்கள் கதைதான். கல்யாணமான புதிதில் அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒற்றை அறை வீட்டில் அப்பா, அம்மா, தங்கையோடு இருந்தோம். அப்பாவின் குறட்டை நின்றால் இருவரும் மூச்சை அடக்கிக்கொள்வோம். பேச வேண்டியதைக்கூடப் பேச முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறி ஒரே சீட்டில் உட்காருவோம். அங்கே போய்ச் சேர்ந்ததும் இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்புவோம். ஒருநாள் கண்டக்டர், "இன்னா நைனா, எறங்க மனசு வர்லியா? இன்னும் ரெண்டு டிக்கெட் கிழிக்கட்டா?" என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி அவ்வளவு நாள் கழித்து அன்றுதான் அவள் சிரிப்புச் சத்தத்தையே கேட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் படமாக்க நினைத்தேன்.

தனி ஆளாக வரைந்தேன். படத்தில் ஒருத்தி தலைமுடியை ஒதுக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் எனக்கு ஒரு வாரம் போய்விடும். வருஷங்கள் அப்படித்தான் போயின. மனைவியின் வேஷத்துக்கு அவளே குரல் கொடுத்தாள். தெருச் சத்தம் விழக் கூடாது என்று இருவரும் மைக்கோடு போர்வைக்குள் புகுந்துகொண்டோம். "யாரும் பாக்கல, கைய எடுக்காதீங்க" என்று ஒரு வசனம். சொல்ல வெட்கப்பட்டு, வியர்த்து, கடைசியில் சொன்னாள். அதைப் போல ஒரு குரலை எந்த நடிகையிடமும் வாங்கியிருக்க முடியாது.

படம் முடிந்தது. விழாக்களுக்கு அனுப்பினேன், வருந்துகிறோம் என்றார்கள். ஒரு தயாரிப்பாளர் பாதியிலேயே நிறுத்தி, "இத நெஜ ஆளுங்கள வெச்சு எடுத்தாலே எவனும் பாக்க மாட்டான். பொம்மைய வெச்சு எடுத்துகினு வந்துகீற" என்றார். ஒருவராவது முழுதாகப் பார்க்க மாட்டாரா என்று கிடந்தேன். அந்த நிலையில்தான் எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர், சங்கக் கூடத்தில் போடலாம் என்றார். காலில் விழாத குறை.

சனிக்கிழமை மாலை மனைவியோடு போனால் கூடம் முழுக்கக் குழந்தைகள். பாதிப் பேர் ட்யூஷன் பிள்ளைகள். வாசல் பலகையில் 'சிறுவர் கார்ட்டூன், அனைவரும் வருக' என்று எழுதியிருந்தது.

"சார், இது பெரியவங்க படம். சொன்னேனே."

"இன்னா சார், பொம்மப் படந்தானே? பசங்க பாத்தா இன்னா ஆய்டும்? வந்துட்டாங்க, போடுங்க."

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க, போய்டலாம்" என்றாள். ஆனால் விளக்கை அணைத்துவிட்டார்கள். படமும் ஓட ஆரம்பித்தது.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், குறட்டைக்கு. பிறகு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அந்த இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளும் இடம் வந்தது. அந்த வசனம் வந்தது. முன்வரிசையிலிருந்து ஒரு பையன் கத்தினான்:

"டேய், நம்ம மிஸ்ஸு கொரலுடா!"

கூடமே திரும்பி அவளைப் பார்த்தது. தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். செயலாளர் ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினார். "குடும்பம் இருக்கற எடத்துல இன்னாய்யா படம் இது?" என்று யாரோ என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள். எனக்கு அது உறைக்கவில்லை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

திங்கட்கிழமை ட்யூஷனுக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. ஒரு பெண் மட்டும் மகனின் பையை எடுத்துப்போக வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. "தப்பா நெனைக்காதீங்க மிஸ். எங்க ஊட்டுக்காரு வாணாங்கறாரு" என்றாள்.

படத்தை அழித்துவிடுகிறேன் என்று அன்றே மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"அழிச்சா, நாம அசிங்கமா இருந்தோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆய்டும்" என்றாள். "நாம அசிங்கமா இல்ல."

ஆனால் அந்தத் திடம் அவளைத் தெருவில் நடக்க வைக்கப் போதவில்லை. திருமழிசையில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். தெரு விழிப்பதற்கு முன்பே கிளம்பிவிடுகிறாள். நான் பழைய ஸ்டுடியோவுக்கே போய் நின்றேன். முதலாளி எதுவும் கேட்காமல் ஒரு நாற்காலியைக் காட்டினார். சில மாலைகளில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் நான் ஏற வேண்டிய ஆவடி வண்டி வந்து நிற்கும், போகும். நான் பெஞ்சிலேயே இருப்பேன். வீட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்க்கக் கால் எழாது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போன வாரம் மளிகைக் கடையில் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் பேசவே இல்லை. பருப்பைக் காட்டினாள், எண்ணெயைக் காட்டினாள், விரலை நீட்டி அளவு சொன்னாள். வெளியே வந்ததும், தொண்டை சரியில்லையா என்று கேட்டேன்.

"என் கொரலக் கேட்டா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பையை நான் வாங்கிக்கொண்டேன். படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. எங்கள் இருவரைத் தவிர யாரும் அதை முழுதாகப் பார்த்ததில்லை. வேறெங்காவது அனுப்பிப் பார்க்கலாமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவளும் கேட்கவில்லை.