ஆர்டிஸின் கடலைச் சூரை

தீவுக்கு வரும் மத்தியானப் படகு, வண்டிகளையெல்லாம் இறக்கிவிட்டு ஓயும் நேரத்தில் ஆர்டிஸ் கொண்டைக்கடலைக்குத் தோல் உரித்துக்கொண்டிருப்பார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு பிதுக்கு. கடலை கிண்ணத்துக்குள் குதிக்கும், தோல் விரலிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதை ஏப்ரனில் துடைத்துவிட்டு அடுத்தது. எதிரே ரொட்டிப் பெட்டியில் சாய்ந்தபடி கைபேசி நிற்கும், ஸ்பீக்கர் போட்டு. அதிலிருந்து ரேடியோக்காரன் கடல் வானிலை வாசிப்பான்.

"ரேடியோவக் குறை மனுஷா. அலை எவ்வளவு உசரம்னு எனக்கு ஜன்னல்லயே தெரியுது" என்பார் ஆர்டிஸ், ரொட்டிப் பெட்டியைப் பார்த்து.

ரேடியோ குறையும். மனுஷன் என்பது வெண்டல், அவருடைய கணவர். அவர் இருப்பது ஒன்றும் தூரதேசம் இல்லை. அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே, வாசலில் நிற்கும் பிக்கப் வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு தயாரானதும் ஆர்டிஸ் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். வெண்டல் இறங்கி வந்து எடுத்துக்கொண்டு திரும்ப வண்டியில் ஏறிக்கொள்வார். அப்புறம் இரண்டு கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, போனில் பேசிக்கொண்டே, புருஷனும் பெண்டாட்டியும் மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார்கள். கோடையில் அக்கரையிலிருந்து வருகிறவர்கள் பார்த்துவிட்டு, சண்டை போலிருக்கிறது என்பார்கள். சண்டை இல்லை. சண்டையென்றால் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்துதான் போடுவார்கள்.

ஆர்டிஸ் பள்ளிக்கூடம் முடித்த கையோடு மீன் ஆலைக்குப் போனவர். ஹெர்ரிங் மீனைத் தலை சீவி டப்பாவில் அடுக்கும் வேலை. ஆலையை விட்டு இத்தனை காலம் ஆகியும் மணிக்கட்டு மறக்கவில்லை. கேரட்டைக்கூட முதலில் தலையைச் சீவிவிட்டுத்தான் மற்றதெல்லாம். எல்லோரையும் 'கண்ணு' என்பார். பாதிரியார் கண்ணு, தபால்காரி கண்ணு, வேகமாக ஓட்டியதற்காக அபராதச் சீட்டுக் கிழித்த போலீஸ்காரரும் கண்ணு. வெண்டல் மட்டும் 'மனுஷா'. இந்தத் தீவில் எல்லோரும் 'ஆமா' என்பதை மூச்சை உள்ளே இழுத்தபடிதான் சொல்வார்கள். ஆர்டிஸ் சொன்னால் கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி இருக்கும். படகுத்துறையில் வேலை பார்க்கிற நான், படகில் ஊரிலுள்ள எல்லோர் குரலையும் எடுத்துப் பேசிக் காட்டுவேன். ஆர்டிஸின் குரலை ஆர்டிஸிடமே எடுத்துக் காட்டியிருக்கிறேன், வயிறு குலுங்கச் சிரித்தார். வெண்டல் குரலை எடுக்கப் போனபோது மட்டும் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். "வேணாம் கண்ணு. அதத்தான் தெனமும் போன் டப்பாக்குள்ளருந்து கேக்குறேனே."

ஆலையில் மீன் அவிக்கும் ஆவி வருஷக்கணக்காக நெஞ்சுக்குள் போய்ப் போய், ஒருநாள் ஆர்டிஸின் தொண்டை அடைத்துக்கொண்டது. இனி மீன் வாயில் படக்கூடாது, வாசனைகூட ஆகாது என்றார் அக்கரை டாக்டர். இந்தத் தீவில் போய்! இங்கே காற்றடித்தாலே மீன்தான். வேலையை விட்டார். மீன் வறுக்கிற வீடுகளுக்குப் போவதை விட்டார். அதெல்லாம் அவருக்குப் பெரிதாக வலிக்கவில்லை. வலித்தது ஒன்றே ஒன்று, டப்பா சூரை மீன் சாண்ட்விச்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் மத்தியானம் என்றால் அதுதான். ஒரு டப்பா சூரை, கொஞ்சம் மயோனைஸ், பொடியாக நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கிண்ணம். ரொட்டியின் ஓரம் வெண்டலுக்கு, நடு ஆர்டிஸுக்கு. டாக்டர் சொன்ன பிறகும் வெண்டலால் அதை விட முடியவில்லை. அவர் சாமானியமாகப் பேசுகிற ஆள் இல்லை. படகுத்துறையில் நானும் அவரும் சேர்ந்துதான் கயிறு பிடிக்கிறோம், ஒரு காலை முழுக்க அவரிடமிருந்து வருவது 'இழு', 'விடு' இரண்டும்தான். இந்த விஷயத்தில் ஒரு முழு வாக்கியம் பேசினார். "விட்டுட்டேன்னு அவகிட்ட சொல்லலாம், ஆனா பொய் சொன்னா எனக்குக் காது செவந்துரும்." ஆகவே சூரையை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். தின்று முடித்து, வெளிக்குழாயில் பல் துலக்கி, நடையிலேயே சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே வருவதற்குள் ஆர்டிஸ் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். பனிக்காலத்திலும் அதேதான். பல் கிட்டித்துப்போய் வந்து நிற்பார் பாவம்.

கொண்டைக்கடலையைக் கொண்டுவந்தவள் ஷெல்பி. அக்கரைப் பெண், கோடையில் மட்டும் இங்கே வந்து காபிக்கடை நடத்துகிறவள், மீன் முட்டை பால் எதையும் தொடாதவள். கடலையை மசித்து அதிலேயே சூரை சாண்ட்விச் செய்யலாம், வீகன் என்றாள். தீவில் அந்தச் சொல்லை ஏதோ அக்கரையில் பரவுகிற காய்ச்சலின் பேர் மாதிரி சொல்வார்கள். வெண்டல் "வீ…கன்" என்று சொல்லும்போது விரலிலிருந்து முள் எடுக்கிற முகம். ஆர்டிஸை மயக்கியது வேறு. கடலை டப்பாவில் மிஞ்சுகிற தண்ணீரைக் கொட்டாமல், எண்ணெய் விட்டு அடித்தே முட்டையில்லாத மயோனைஸ் செய்து காட்டினாள் ஷெல்பி. "கீழ கொட்டுற தண்ணிக்கு ஒரு வேலை குடுத்தா பாரு, அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்றார் ஆர்டிஸ். அன்றைக்கு ஆரம்பித்தது.

செய்வதில் கஷ்டம் இல்லை. எதைப் போலச் செய்வது என்பதுதான் கஷ்டம். ஆர்டிஸ் சூரையைத் தின்று ரொம்ப நாளாகிவிட்டது, நாக்கில் ஞாபகம் தேய்ந்துகொண்டே வந்தது. ருசி பார்க்கவும் வழியில்லை. அதனால்தான் போன் வந்தது. வெண்டல் வண்டிக்குள் நிஜச் சூரையை ஒரு கடி கடித்துவிட்டு எப்படி இருக்கிறதென்று சொல்ல வேண்டும். ஆர்டிஸ் இங்கே கடலையை அதற்குத் தக்கபடி மாற்றுவார்.

"எப்பிடி இருக்கு?"

"மீன் மாதிரி இருக்கு."

"மீன் மாதிரின்னா எந்த மாதிரி?"

நெடுநேரம் மெல்லுகிற சத்தம். "மீன் மாதிரிதான் ஆர்டி."

இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தி இவரிடம் இருப்பது ஒரே ஒரு வார்த்தை என்று என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார் ஆர்டிஸ். ஆனால் விடவில்லை. பசங்களிடம் பாடம் கேட்கிற மாதிரி கேட்டுக் கேட்டு, வெண்டலுக்கும் மெல்ல நாக்கு திரும்பியது. ஓரத்தில் காய்ந்த மாதிரி இருக்கிறது என்றார். நடுவில் நூல் நூலாகப் பிரிகிறது என்றார். ஒருநாள், விழுங்கின பிறகு வாய்க்குள் கடல் கொஞ்ச நேரம் நிற்கிறது என்றார். ஆர்டிஸ் அன்று கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாராம், இந்த ஆளா இப்படிப் பேசுவது என்று.

நூலுக்காகக் கடலையை மிக்ஸியில் போடாமல் முள்கரண்டியால் பாதி மட்டும் நசுக்கினார். கடலுக்கு டல்ஸ் இருந்தது. கருஞ்சிவப்புக் கடற்பாசி, பாறையில் பறித்துக் காயவைத்து, தீவில் எல்லோரும் காகிதப் பையில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை மாதிரி கொறிப்பது. அதை வாணலியில் வாட்டிப் பொடித்துத் தூவினார். எலுமிச்சை, கடுகு, வெங்காயம், செலரி. கிட்டத்தட்ட வந்துவிட்டது. வெண்டல் உள்ளே வந்து உட்கார்ந்து ருசி பார்க்க ஆரம்பித்தார். பல் துலக்கிவிட்டுத்தான். ஆனாலும் மேசைக்கு வந்தார். ஒரே கிண்ணம், ஓரம் அவருக்கு, நடு இவருக்கு. "ஏதோ ஒண்ணு கொறையுது" என்பார் ஒவ்வொரு நாளும், தப்புச் செய்தவர் மாதிரி.

குறைந்தது என்னவென்று கண்டுபிடித்ததும் அவரேதான். அதில்தான் எல்லாம் கெட்டது.

வெண்டலின் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சின்ன சீசா இருக்கும், வூஸ்டர் சாஸ். கறுப்பாக, புளிப்பும் உப்புமாக இருக்கும். தீவில் பாதி ஆம்பளைகள் அதை இப்படித்தான் சுமப்பார்கள். முட்டைக்கு விடுவார்கள், அவரைக்கு விடுவார்கள், வேறு யார் வீட்டுச் சாப்பாடாக இருந்தாலும் கேட்காமல் விடுவார்கள். அன்று ஆர்டிஸ் கெட்டிலை அடுப்பில் வைக்கத் திரும்பிய நேரத்தில் வெண்டல் கிண்ணத்தில் அதை விட்டுக் கிளறிவிட்டார். நாலே சொட்டு என்பார் வெண்டல். கவுத்துட்டார் என்பார் ஆர்டிஸ். திரும்பி வந்து ஒரு கடி கடித்த ஆர்டிஸ் அப்படியே நின்றார்.

"வெண்டல். இதுதான்."

அவர் கண்ணில் தண்ணீர். வெண்டலுக்கும் அழுகை வந்துவிட்டதாம். அதற்கப்புறம்தான் ஆர்டிஸின் உதடு தடிப்பதைப் பார்த்தார்.

இழுப்பறையில் இதற்கென்றே டாக்டர் கொடுத்த ஊசி தயாராக இருந்தது. வெண்டல் எடுத்து அதன் மூடியோடு மல்லுக்கட்டினார். ஆர்டிஸே பிடுங்கித் தொடையில் குத்திக்கொண்டார். மருத்துவமனையில் நர்ஸ் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது வெண்டல் பையிலிருந்து சீசாவை எடுத்து மேசைமேல் வைத்தார். இதில் நெத்திலி இருக்கிறதே என்றார் நர்ஸ். அந்த மாதிரிச் சின்ன மீனை ஊறவைத்துத்தான் இந்தச் சாஸே செய்கிறார்கள். தீவுக்காரர் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு மீன் என்றால் செதில் இருக்க வேண்டும், கண் இருக்க வேண்டும், பீப்பாய் பீப்பாயாக வர வேண்டும். சீசாவிலிருந்து சொட்டுகிறதையெல்லாம் யார் மீன் என்று நினைப்பார்கள்?

ஆர்டிஸ் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். வெண்டல்தான் வரவில்லை. ராத்திரி உள்ளே படுப்பார், காலையில் காபி குடிப்பார், அடுப்படியில் மட்டும் கால் வைக்க மாட்டார். மிச்சமிருந்த சூரை டப்பாக்களைப் பெட்டியோடு கொண்டுவந்து என் வீட்டில் வைத்துவிட்டார். சாஸ் சீசாவைக் கடலில் எறிந்தார். மீனே தின்பதில்லை இப்போது. வண்டிக்குள் உட்கார்ந்து அவர் தின்பது ஆர்டிஸ் செய்து வைக்கிற கடலைச் சூரைதான். அதைத் தின்ன வண்டி எதற்கு? நான் கேட்டேன். "என் கைய நம்ப முடியலப்பா" என்றார். ஆர்டிஸ் போனில் தினமும் சொல்கிறார், கையைக் கழுவிட்டு வா மனுஷா என்று. கழுவினால் போகிற கை இல்லை என்கிறார் இவர்.

ஆர்டிஸுக்கு இப்போது இரண்டு ஏக்கம். "அந்த ஒரு வாய் கெடச்சுது பாரு கண்ணு" என்றார் ஒருநாள், ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு. "அது போதும்னு சொல்ல மாட்டேன். போதல. இந்த மனுஷன் எதுர உக்காந்து திங்குறத அன்னைக்குக் கடைசியாப் பாத்தேன். அதுவும் போதல."

சாஸில் நெத்திலியைத் தவிர வேறு என்னவெல்லாம் இருக்கும் என்று ஷெல்பியிடம் விசாரித்தார். வினிகர், வெல்லப்பாகு, வெங்காயம், புளி. புளி தீவில் எங்கே கிடைக்கும்? ஊரை விட்டு இங்கே வந்தும் புளியை விடாத என் அலமாரியில் கிடைத்தது. ஓர் உருண்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு மென்னு துப்புனது கண்ணு?" எங்கள் ஊரில் தின்கிற பழம்தான் என்றேன். நாக்கில் வைத்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. இன்னொரு கண் ஜன்னல் பக்கம் போனது.

நேற்று மத்தியானம் இன்னோர் உருண்டை கேட்டிருந்தாரே என்று போயிருந்தேன். புளியைக் கரைத்து, வாட்டின டல்ஸ், வினிகர், வெல்லப்பாகு போட்டுக் கறுப்பாகக் காய்ச்சி, சீசாவில் ஊற்றி வைத்திருந்தார். கிண்ணத்தில் விட்டுக் கிளறினார். இரண்டு ரொட்டி. ஓரத்தை வெட்டி ஒரு தட்டில், நடுவை இன்னொன்றில். வாசலுக்குக் கொண்டுபோவார் என்று நான் கதவைத் திறந்து பிடித்தேன்.

"மூடு கண்ணு, குளுருது" என்றார். இரண்டு தட்டையும் மேசையிலேயே வைத்தார், எதிரெதிரே. உட்கார்ந்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இத்தனை நாளில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"தட்டு எங்க ஆர்டி?" என்றது ரொட்டிப் பெட்டி.

ஆர்டிஸ் தன் ரொட்டியைக் கையில் எடுத்தார். ஒரு கடி கடித்தார். மெதுவாக மென்றார்.

"ஓரத்துல காஞ்ச மாதிரி இருக்கு" என்றார், போனைப் பார்க்காமல்.

வண்டிக்குள் ரேடியோ நின்றது.

"நடுவுல நூல் நூலா வருது." இன்னொரு கடி. விழுங்கினார். காத்திருந்தார். "இப்ப வாய்க்குள்ள கடல் நிக்குது வெண்டல். அதேதான்னு சொல்ல மாட்டேன். அதுக்குப் பக்கத்துல இருக்கு. எவ்வளவு பக்கத்துலன்னு நீதான் சொல்லணும். எனக்குத் தெரியல."

நான் புளிப் பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

"கேக்குதா?" என்றார்.

உள்ளிழுத்த மூச்சில், தீவுக்காரர் சொல்கிற மாதிரி, போனிலிருந்து ஓர் 'ஆமா' வந்தது. அதற்குப் பின்னாலேயே டிங், டிங், டிங் என்று மணி அடிக்கத் தொடங்கியது. வண்டிக் கதவு திறந்திருந்தால் அடிக்கிற மணி. நான் ஜன்னலைப் பார்த்தேன். கதவு திறந்துதான் இருந்தது. ஒரு பூட்ஸ் கால் சரளைக்கல்லில், இன்னொரு கால் வண்டிக்குள். கைகள் இரண்டும் முழங்காலில். அவர் எழுந்திருக்கவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஆர்டிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. ரொட்டியை இன்னொரு கடி கடித்துக்கொண்டே, மேசைக்கு அடியில் காலை நீட்டி, எதிர் நாற்காலியை வெளியே தள்ளினார்.