மூன்றாம் வாசல் முட்டி

பெற்றவர்கள் அவனுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவன் முட்டி. விண்கப்பல் தளத்தின் மூன்றாம் வாசலில் காவல் வேலை. ஆளை அடித்தால் முழங்காலில்தான் அடிப்பான். ஒரே அடி, இரண்டாவது தேவைப்படாது. அவன் உடைத்ததையெல்லாம் கட்டியவன் நான், வாசலை ஒட்டிய முதலுதவி அறையின் கம்பவுண்டர். என் அளவுக்கு அவனைத் திட்டியவர்கள் யாரும் இருக்க முடியாது.

வேறு நட்சத்திரத்துக் குடியிருப்புகளுக்குப் போகும் கப்பல்களில் ஒரு விதி உண்டு. ஏறுபாதையில் தன் காலால் நடந்து ஏற வேண்டும். நொண்டினால் ஏற்ற மாட்டார்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிட யாருக்கும் இடமில்லையாம். அதனால்தான் காவல்காரர்கள் மண்டையை விட்டுவிட்டு முழங்காலைக் குறி வைத்தார்கள். மண்டை உடைந்தவன் தையல் போட்டுக்கொண்டு அடுத்த கப்பலுக்கு வந்து நிற்பான். முட்டி பெயர்ந்தவன் வீட்டோடு கிடப்பான்.

“கால ஒடச்சா ஒருத்தன் நொண்டுவான். கதவ விட்டா நூறு பேரு நசுங்கிச் சாவான். எது பாவம், நீயே சொல்லு” என்று என்னிடமே நியாயம் கேட்பான்.  எனக்கு இன்னும் கோபம் வரும்.

அவர்களுக்குள் இன்னொரு வழக்கமும் இருந்தது. முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கை எழும்பாது. இடம் கிடைத்தவர்களுக்கெல்லாம் அலுவலகமே சாம்பல் நிற பூட்ஸ் கொடுத்திருந்தது. கூட்டம் நெருக்கும்போது காவல்காரர்கள் குனிந்து கால்களை மட்டும் பார்ப்பார்கள். சாம்பல் பூட்ஸ் என்றால் உள்ளே. வேறு எந்தக் கால் வாசலில் போட்ட கோட்டைத் தாண்டினாலும் தடி இறங்கும். சின்னக் குழந்தைகளுக்கு பூட்ஸ் கிடையாது, பெரியவர்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

இப்படிப்பட்டவன் வீட்டில் வேறு ஆள். சந்தையில் மூட்டை தூக்கித் தங்கையைக் குழாய் வேலை படிக்க வைத்தவன் அவன்தான். அவள் புருஷன் தூசி நோயில் போய்ச் சேர்ந்தான். மிஞ்சிய பெண் குழந்தைக்கும் நெஞ்சில் அதே இழுப்பு. இந்தக் காற்றில் இன்னொரு கோடையைத் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் மாமன்காரன் ஓடிப்போய், அதற்குத் தலைவாரி, வெந்நீர் ஆவி பிடிக்க வைத்து, தோளிலேயே போட்டுத் தூங்க வைப்பான். அந்தக் கையா இந்தக் கை என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒருவழியாகத் தங்கைக்கு இடம் கிடைத்தது. குழாய் வேலை தெரிந்தவர்களுக்கு அங்கே ஏகக் கிராக்கி. தாயும் மகளும் போகலாம். அண்ணனுக்கு மூட்டை தூக்கவும் தடி சுழற்றவும் தெரியும், இரண்டுக்கும் அங்கே வேலை இல்லை. அவனோ குழந்தை பிழைத்துவிடும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

கப்பல் கிளம்பும் நாளில், கூட்டம் சேருவதற்கு முன் அவர்கள் பஸ்ஸில் வந்துவிடுவதாக ஏற்பாடு. இடம் கிடைக்காதவர்கள் பஸ்ஸை வழியில் மறித்துக் கல்லால் அடித்தார்கள். ஓட்டுநரைக் கண்ணாடி வழியாகவே வெளியே இழுத்தார்கள். இறங்கி ஓடியவர்களில் சாம்பல் பூட்ஸ்காரர்களாகப் பார்த்துத் தள்ளினார்கள். தங்கையை நாலு பேர் மண்ணில் அமுக்கி, பூட்ஸை உருவிக்கொண்டு போனார்கள். அவள் எழுந்து, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வெறுங்காலோடு மூன்றாம் வாசலுக்கு ஓடி வந்தாள். அண்ணன் இருக்கிறான் என்ற தைரியம்.

வாசலில் ரணகளம். வேலி சாய்ந்துவிட்டது. ஒரு காவல்காரனைக் கீழே போட்டு இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்கள், அவன் அசைவதை நிறுத்திய பிறகும் விடவில்லை. முட்டி நெற்றியில் ரத்தம் வழிய, குனிந்தபடி, துணி துவைக்கிறவனைப் போல ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தான். அவள் “அண்ணே, அண்ணே” என்று கத்திக்கொண்டே வந்தாள். பாவி மகள், அங்கே எல்லாருமே அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். விடுங்கண்ணே, புள்ளையாவது போகட்டும்ணே என்று காலையிலிருந்து அவன் காதில் விழுந்ததெல்லாம் அதுதான். வெறுங்கால் கோட்டைத் தாண்டியது. தடி இறங்கியது.

நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், கத்தக்கூட நேரமில்லை. விழும்போதும் அவள் குழந்தையை விடவில்லை. குழந்தைதான் “மாமா” என்றது. அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான்.

இரண்டு பேரையும் அள்ளிக்கொண்டு என் அறைக்கு வந்தான். குறுக்கே வந்த ஒருவனைத் தலையாலேயே மோதிச் சாய்த்தான். மேசையில் கிடத்தியதும் பார்த்தேன், எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அவன் தன் கையை மேசை விளிம்பில் வைத்துத் தடியை ஓங்கினான். தங்கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்புறமா ஒடச்சுக்கோ. கப்பல் நிக்குதான்னு பாரு.”

நான் ஓடிப்போய் ஏற்றும் அதிகாரியை இழுத்து வந்தேன். அவர் காலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். தாய் இனி ஏற முடியாது. குழந்தையின் இடம் இருக்கிறது, ஆனால் ரத்த உறவு ஒருவர் கூட வந்தால்தான் ஏற்றுவார்கள். அப்படி வருகிறவர் தாயின் இடத்தில் போகலாம். யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அந்த அறையில் அப்படி ஒருவன்தான் இருந்தான்.

முட்டி தரையில் உட்கார்ந்துவிட்டான். உன் காலை உடைத்துவிட்டு உன் இடத்தில் நான் போவதா, அதற்கு இங்கேயே செத்துவிடுகிறேன் என்று அழுதான்.

“நீ செத்தா அவளுக்கு மூச்சு வருமா? எந்திரி” என்றாள் தங்கை.

குழந்தை அவனிடம் போக மறுத்தது. தூக்க வந்த கையைக் கடித்தது. ரத்தம் வந்தும் அவன் கையை இழுக்கவில்லை. “அம்மாவ அடிச்சிட்ட, நீ வேணாம்” என்று தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தியது. கத்திக் கத்தி இழுப்பு வந்துவிட்டது. வெளியே கடைசிச் சங்கு ஊதியது. அதிகாரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தாய் அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். பிறகு கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் அந்தக் குழந்தையை அடித்ததே இல்லை. அது பயந்துபோய் இன்னும் இறுக்கமாக அவளையே கட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்து மறுபடி அறைந்தாள்.

“போ. என்கிட்ட வராத. எனக்கு நீ வேணாம்.”

குழந்தை அலறிக்கொண்டு திரும்பி மாமன் கழுத்தில் விழுந்தது. அவன் அதை மார்போடு சேர்த்துக்கொண்டு ஓடினான்.

ஏறுபாதையில் அவனைக் கூட்டம் அடையாளம் கண்டுகொண்டது. ஊரில் பாதிப் பேர் காலை உடைத்தவன் கப்பலேறுகிறான் என்றால் விடுவார்களா? கற்கள் பறந்தன. அவன் குழந்தையின் மேல் கவிழ்ந்து முதுகைக் கொடுத்தான். ஒரு கல் பின்மண்டையில் பட்டுத் தள்ளாடினான். விழாமல் நடந்தே ஏறினான்.

கப்பல் கிளம்பி அறை அதிர்ந்தபோது நான் எலும்பை உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட ஆண்பிள்ளையும் ஊளையிடும் வலி அது. அவளோ தன் வலது கையையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

“கன்னம் வீங்கியிருக்குமா?” என்று கேட்டாள்.

இருக்காது என்று சொன்னேன்.