பிரேக் பிடிக்கும் இடம்

சனிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் மகள் பந்தயத் தடத்திலிருந்து போன் செய்தாள். எல்லாம் அப்போதுதான் கெட ஆரம்பித்தது. நான் செஞ்சி கடைத்தெருவில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"நைனா, பிராக்டீஸ்ல அவ என்னவிட வேகமா வந்துட்டா."

அவள் என்றால் அணித்தோழி. பெண்களுக்கான தேசிய பைக் பந்தயத்தில் இருவரும் ஒரே அணிக்காக ஓட்டினார்கள். நம் நாட்டில் பெண்களுக்கு அதைவிடப் பெரிய பைக் பந்தயம் கிடையாது. இருவருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே டயர், ஒரே மெக்கானிக். அதனால் பின்தங்கினால் வண்டியைக் குறை சொல்ல வழியில்லை. வேறு அணிக்காரி முந்தினால் என் மகள் அன்றே மறந்துவிடுவாள். இவள் முந்தினால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். அடுத்த வருஷம் ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வோம் என்று அணியில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்தயம்.

அந்தப் பெண்ணுக்கு ஊர் பக்கத்திலுள்ள மேல்சித்தாமூர். அப்பா இல்லை, அம்மா மட்டும். உடற்பயிற்சிக்காக இருவரும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படிகளில் ஓடி ஏறுவார்கள். ஒருநாள் நானும் பாதி தூரம் போனேன்.

"இன்னாடீ, டூரிஸ்ட் தாத்தா கூட உன்ன தாண்டிப் போறாரு!" என்றாள் என் மகள்.

"நீ முன்னாடி போடீ. மேல உன் சொந்தக்காரங்க வெயிட் பண்றாங்க, விசாரிச்சிட்டு வா," என்றாள் அந்தப் பெண். மேலே இருந்தவை குரங்குகள்.

சமணர்களான அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். அவள் எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் என் மனைவி ஐந்தரைக்கே தோசைக்கல்லைப் போட்டுவிடுவாள். எங்களுக்கும் அன்றைக்கு அதுதான் இரவுச் சாப்பாடு.

போனில் மகள் சொன்னாள்: "கடைசி வளைவுல மட்டும்தான் நான் முந்தறேன். அவ நூறுல பிரேக் பிடிக்கறா. நான் எம்பது வரைக்கும் விட்டுப் பிடிக்கறேன். மத்தியானம் கேப்பா."

வளைவு வருவதற்கு இத்தனை மீட்டர் இருக்கிறது என்று தடத்தின் ஓரத்தில் பலகைகள் இருக்கும். அந்தக் கணக்கைத்தான் சொன்னாள். பயிற்சி முடிந்ததும் இரண்டு பேரும் கூடாரத்தில் உட்கார்ந்து, எங்கே பிரேக் பிடித்தேன், எந்த கியரில் திரும்பினேன் என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். அது அணியின் வழக்கம். அவர்கள் வண்டியில் இதையெல்லாம் பதிவு செய்யும் கருவி இல்லை. வாயால் சொல்வதுதான்.

"நீயும் நூறுன்னே சொல்லு," என்றேன்.

"நைனா!"

"நூறுல பிடிச்சா யாரும் விழப் போறதில்ல. கொஞ்சம் லேட்டாவும், அவ்ளோதான். ஆபத்தா எதுவும் சொல்லச் சொல்லலியே."

"பொய்யி இல்லியா அது?"

"பந்தயம்மா இது," என்று சொல்லிவிட்டுத் தக்காளியை எடைக்குக் கொடுத்தேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். முன்னதாக பிரேக் பிடித்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் பத்திரம். அதில் தப்பில்லை என்று உண்மையாகவே நம்பினேன்.

அன்று மாலை தகுதிச் சுற்றில் என் மகள் முதலிடம், அவள் இரண்டாமிடம். போனில் மகள் குரலில் சந்தோஷம் இல்லை.

"என் பின்னாடியே வந்து பாத்துட்டா நைனா, நான் எங்க பிடிக்கறேன்னு."

"இன்னா சொன்னா?"

"தட்ட எடுத்துக்கினு தனியா போய் உக்காந்துட்டா."

"ரெண்டு நாள்ல சரியாப் பூடும்," என்றேன்.

ஞாயிறு மதியம் நானும் மனைவியும் போனில் நேரலை பார்த்தோம். இரண்டாவது சுற்று, கடைசி வளைவு. என் மகள் உள்பக்கம் திரும்பினாள். அணித்தோழியின் மஞ்சள் ஹெல்மெட் வெளிப்பக்கமாக அவளை முந்த வந்தது. வண்டி ஒரு பக்கம் போயிற்று, அந்தப் பெண் ஒரு பக்கம் சறுக்கிப்போய் டயர் அடுக்கில் மோதினாள். படம் உடனே வேறு இடத்துக்கு மாறிவிட்டது. மனைவி என் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

ஐந்து நிமிடத்தில் அந்தப் பெண்ணின் அம்மா கூப்பிட்டார்.

"சார், இங்க நெட்டு நின்னு நின்னு வருது. யாரோ விழுந்துட்டாங்கன்றாங்க. நம்ம பொண்ணுங்க இல்லியே சார்?"

"தெரியலம்மா. பாத்துட்டு சொல்றேன்," என்றேன். எனக்குத் தெரியும்.

அவருக்கு விஷயத்தைச் சொன்னது அணி மேலாளர். சென்னையில் மருத்துவமனை, முதுகெலும்பில் அறுவை சிகிச்சை. அந்த அம்மா உறவினர் காரில் போய்விட்டார். நாங்களும் வருகிறோம் என்று நான் சொல்லவில்லை. மகள் போனை எடுக்கவே இல்லை. ஒரே ஒரு முறை எடுத்து, "ஆஸ்பத்திரிலதான் இருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு மேசையில் இருந்தது. வெள்ளைத்தாளை எடுத்து வேகம், தூரம், நேரம் என்று போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் நான் சொல்லச் சொன்ன நூறால் அவள் விழுந்திருக்க முடியாது. திரும்பவும் போட்டேன். அதே விடை. அப்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஒரு பெண் அங்கே கால் அசையாமல் கிடந்தாள். நான் என் மேல் தப்பில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு மகள் வந்து சேர்ந்தாள். பையைக் கூட இறக்கவில்லை. நான் முந்திக்கொண்டு, "நூறுன்னு சொன்னதால அவ விழலம்மா, கணக்கு போட்டுப் பாத்துட்டேன்," என்றேன்.

"ஆமா. அதால விழல," என்றாள். "முன்னாடி ரேஸ்ல அங்க ஆயில் கொட்டிச்சி. சிமெண்ட் தூள் போட்டுத்தான் வெச்சிருந்தாங்க. வெளிப்பக்கம் இன்னும் வழுக்குது. ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சுத்தி வர்றப்ப நான் பாத்துட்டேன். லைன்ல நிக்கறப்ப ஹெல்மெட் கண்ணாடிய தூக்கிட்டு அவ கிட்ட கத்தினேன், வெளிய போவாதடீ, வழுக்குதுன்னு."

"அவ?"

"சிரிச்சா நைனா. 'நேத்து சொன்ன மாதிரியா?'ன்னு கேட்டா."

என் மனைவி எதுவும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் என்னை மட்டும் பார்த்தாள்.

"கால்ல உணர்ச்சி வருமான்னு டாக்டருங்க சொல்ல மாட்டேன்றாங்க. அவங்க அம்மா உன்னத்தான் கேட்டுக்கினே இருக்காங்க, சார் வந்தா தைரியமா இருக்கும்னு. நான் அவங்க கிட்ட ஒன்னும் சொல்லல. நீயே போயி சொல்லு நைனா."