சொந்த ஓடையை முதலில் சொன்னவர்

இங்கர் காலமான செய்தியை அவருடைய தம்பி யென்ஸ்தான் தொலைபேசியில் சொன்னார். "அக்கா விடியப் போயிட்டா. உனக்கு நானே சொல்லவேணும் எண்டு நினைச்சன்." நோய் முற்றியிருந்தது தெரிந்ததுதான். தெரிந்திருந்ததால் மனம் ஆறிவிடவில்லை.

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் இருக்கும் நம்மவர்களுக்கு அவரை மொழிப் பாடசாலையில் வைத்துத் தெரிந்திருக்கும். மாலைகளில் வந்து, எங்களோடு தேநீர் குடித்து, டேனிஷ் கதைக்கப் பழக்கிய அந்த உயரமான பெண். அவர் பல்கலைக்கழகத்தில் கடல் ஆய்வாளர் என்பது பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் நான் இரசாயன ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள் என்று அறிந்ததும், "அப்ப ஏன் வீட்டில இருக்கிறாய்?" என்று கேட்டுத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார்.

லிம்ஃபியோர்ட், நம் யாழ்ப்பாணக் கடல்நீரேரியைப்போல நிலத்துக்குள் நீண்டுகிடக்கும் ஆழமில்லாத கடல். கோடையில் அதன் அடித்தண்ணீரில் ஒட்சிசன் அற்றுப்போய், மீன்கள் செத்துக் கரையொதுங்கின. வயல்களுக்கு ஊற்றும் எரு ஓடைவழியே வந்து பாசியைப் பெருக்குகிறது என்று மீனவர்கள் பண்ணைக்காரர்களைக் குற்றம் சொன்னார்கள். பண்ணைக்காரர்கள் நகரத்துக் கழிவுநீரைக் காட்டினார்கள். இரு தரப்பையும் நகரசபையையும் ஒரே மேசையில் உட்காரவைக்க இங்கர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது: எல்லா ஓடைகளிலும் தண்ணீர் எடுத்துச் சோதிப்பது, முடிவை எல்லார் முன்னிலையிலும் சொல்வது.

சோதித்தவள் நான். மிக மோசமான தண்ணீர் யென்ஸின் பன்றிப் பண்ணையைக் கடந்து வரும் ஓடையில் இருந்தது. அது அவர்களுடைய தகப்பனின் பண்ணை. இங்கர் பிறந்து வளர்ந்த இடம். சொன்னபோது அவர் முகம் மாறியது. "இந்த முறை நான் செய்து பார்க்கிறன்" என்றார். அவர் செய்தபோதும் அதே முடிவுதான் வந்தது.

"கூட்டத்துக்கு முதல் அவனிட்டப் போகவேணும். நீயும் வாறியா?"

வீட்டில் என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "அவையின்ர குடும்பச் சண்டைக்குள்ள நீ ஏன் போறாய்? எங்கட விசாவே இன்னும் சரிவரேல்லை" என்றார்.

"அவ தனியப் போறது நல்லாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

யென்ஸ் சமையலறையில் எங்களுக்குக் கோப்பி ஊற்றினார். இங்கர் சுற்றிவளைக்காமல் விஷயத்தைச் சொன்னார்.

"அப்பாவும் இப்பிடித்தான் வயலுக்கு எரு ஊத்தினவர். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை."

"அப்பாட்ட இவ்வளவு பன்றி இல்லை, யென்ஸ்."

"எங்கட ஓடையை மட்டும் விடு அக்கா. மற்றதெல்லாத்தையும் சொல்லு."

"அதை விட்டா, மற்றதுகளைச் சொல்ல எனக்கு வாயில்லை."

யென்ஸ் எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பிடித்தார். திரும்பும் வழியில் இங்கர் காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு அழுதார். நான் அவருடைய தோளில் கைவைத்திருந்தேன்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் சண்டைபிடிக்கவென்றே வந்தவர்கள் நிறையப்பேர். இங்கர் எழுந்து, "முதலில் எங்கட வீட்டு ஓடை" என்று தொடங்கினார். சத்தம் அடங்கிவிட்டது. பின்வரிசையில் இருந்த யென்ஸ் தலை குனிந்திருந்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

அதன்பிறகு அவர் அக்காவோடு பேசவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில், மண்ணில் சுவறாமல் ஓடைக்கு வழிந்துபோகும் எருவை உறைந்த வயலில் ஊற்றுவதை நிறுத்தினார். அதைத் தேக்கிவைக்கத் தொட்டி கட்டினார். அயல் பண்ணைகளில் சிலரும் கட்டினார்கள். வசந்தத்தில் ஒருநாள் நாங்கள் ஓடையில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தபோது, கோப்பிக் குடுவையோடு வந்து நின்றார்.

"எப்பிடியிருக்கு உன்ர தண்ணி?"

"இன்னும் மோசம்தான்" என்றார் இங்கர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். நான் போத்தல்களைக் கழுவப்போவதுபோல விலகிப் போனேன்.

கடந்த கோடையிலும் மீன்கள் கரையொதுங்கின. "நாங்கள் திருந்தினது கடலுக்குத் தெரியக் கனகாலம் எடுக்கும்" என்று இங்கர் சொல்வார். அந்தக் காலம் அவருக்குக் கிடைக்கவில்லை. மீனவர்களும் பண்ணைக்காரர்களும் இன்னும் அதே மேசையில் கூடுகிறார்கள், இன்னும் வாதாடுகிறார்கள்.

தண்ணீரைச் சோதிக்க வேறு யாரிடமும் நான் கற்றிருக்கலாம். இங்கரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது வேறொன்று: ஒருவரைச் சுடப்போகும் உண்மையை ஊருக்குச் சொல்லுமுன், அவர் வீட்டுக் கதவைத் தட்டி, முகத்தைப் பார்த்து அவருக்குச் சொல்வது.