போடியாரின் கொக்குகள்

வயற்காணி நிறைய உள்ளவரை எங்கள் மட்டக்களப்பில் போடியார் என்போம். நான் பார்த்த போடியார் நல்ல உயரம். மடிப்புக் கலையாத சால்வை எப்போதும் தோளில் கிடக்கும். யார் எதைச் சொன்னாலும், "மற்றவன் என்ன செய்திருக்கான்?" என்று கேட்பார்.

வாவியோரப் பள்ளக்காணிகளை நிரப்பாமல் விடும்படி காணிக்காரர்களைக் கேட்டு நாங்கள் சிலர் வீடு வீடாகப் போன காலம் அது. அவருடைய பள்ளத்தில் அலையாத்தி வகையான கண்ணாமரங்கள் சேற்றில் வேரூன்றி அடர்ந்து நின்றன. அவற்றை வெட்டி மண் கொட்ட டிரக்டர்காரனோடு பேசி முடித்திருந்தார். மீன் குஞ்சு பொரிக்கும் இடம், வெள்ளத்தைத் தாங்கும் இடம் என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. நான் எழும்பும்போது கேட்டார்.

"பக்கத்துக் காணிக்காரன் எவ்வளவு விட்டிருக்கான்?"

"அரை ஏக்கர், போடியார்."

"அப்ப என்ட பள்ளம் முழுக்க விடுறன். மூணு ஏக்கர். போய் அவனுக்கிட்டயும் சொல்லுங்க தம்பி."

டிரக்டர் வரவில்லை.

மாரி முடிந்து ஒரு பின்னேரம் போனேன். அவர் வரம்பில் நின்றார். பக்கத்துக் காணி முழுக்கக் கொக்குகள். அவருடைய மரங்களில் ஒன்றுகூட இல்லை. மனிதர் நாளைக்கே டிரக்டரைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று பயந்தேன்.

"அதெல்லாம் என்ட கொக்கு, தம்பி. மேயப் போயிருக்கு. பொழுதுபட வந்திடும்."

வந்தன. கூட்டம் கூட்டமாக எழுந்து அவருடைய கண்ணாமரங்களில் இறங்கின. மரமெல்லாம் வெள்ளையாயிற்று.

அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்துக் காணிக்காரன் பார்க்கிறானா என்று திரும்பிப் பார்த்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் திரும்பிப் பார்த்தேன்.