சத்தியம் செய்யாத வீடு

கிளிஞ்சல்மேட்டில் செல்லத்திடம் அடி வாங்காத ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டின புருஷனே தப்பவில்லை. ஒருநாள் அவன் குடித்துவிட்டு வந்து அவள் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் துடுப்பை எடுத்து அவன் மணிக்கட்டை உடைத்தாள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவள்தான், படகில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று டாக்டரிடம் சொன்னதும் அவள்தான். ஈரல் கெட்டு அவன் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் எடையில் ஏமாற்றிய வியாபாரி ஒருவன் மீன்கூடையால் அடிபட்டான். அவள் மகனைக் கெட்ட வார்த்தையில் திட்டிய படகுக்காரன் ஒருவன் காய்ந்த திருக்கை வாலால் அடிபட்டு ஒரு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தான். அந்த மகன் மணிவேல். ஒரே பிள்ளை, இருபத்துநாலு வயது, சொந்தமாக ஒரு ஃபைபர் படகு. அம்மாவின் கோபத்தில் கால்வாசிகூட அவனுக்கு வரவில்லை.

அடிக்கிற கைக்குக் குறைவில்லாத வாய் செல்லத்துக்கு. அந்த வாய்தான் சோறு போட்டது. லூமோ என்கிற ஆப் கரையோரமெல்லாம் பரவியபோது, அவள் காலை ஏழு மணிக்குப் படகு கரையேறும் இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு லைவ் போட ஆரம்பித்தாள். "வாங்க, வாங்க, வஞ்சிரம் உங்களத்தான் முழிச்சி முழிச்சிப் பாக்குது" என்று அவள் கத்துவதைக் கேட்கவே நாலாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். காரைக்கால் டவுனிலிருந்தும் பக்கத்துப் பட்டினத்திலிருந்தும் ஆர்டர் வந்தது. பாரிசில் இருக்கும் பிள்ளைகள், இங்கே தனியாக இருக்கும் அம்மாவுக்கு மீன் கொடுக்கச் சொல்லி, அங்கே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு முழித்திருந்தார்கள். கூடை சுமந்து தெருத்தெருவாக அலைந்தவள் நாலு வருஷமாக நின்ற இடத்திலேயே விற்றாள்.

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய பத்தாம் நாள் கடலில் சண்டை வந்தது. வடக்கே இருக்கும் ஒரு குப்பத்துக்காரர்களின் பெரிய படகுகள் நம் ஆட்கள் விட்டிருந்த வலைகள்மேல் ஏறி, அறுத்துக்கொண்டு போயின. தட்டிக் கேட்கப் போனவர்களை இரும்புக் கம்பியால் அடித்தார்கள். கேட்கப் போனவர்களில் தங்கப்பன் என்பவனுக்கு இரண்டு விரல் போனது. மணிவேலுக்கு மண்டையில் பதினாலு தையல். நம் ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு வரவில்லை. பெட்ரோல் பாட்டிலைக் கொளுத்தி அவர்கள் படகில் எறிந்துவிட்டுத்தான் வந்தார்கள். அந்தப் படகில் இருந்த ஒருவனுக்கு முதுகு முழுக்க வெந்துபோனது. சொல்வதென்றால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் அடிபட்டதை ஒருவன் போனில் எடுத்திருந்தான். ஊரே சேர்ந்து அதை லூமோவில் போட்டது. ஒரு மணி நேரத்தில் கம்பெனி அதைத் தூக்கிவிட்டது, வன்முறைக் காட்சியாம். அதே லூமோவில், அந்தக் குப்பத்துக்கு வேண்டிய கட்சிப் பிரமுகர் ஒருவர், கிளிஞ்சல்மேட்டான் இனிக் கடலில் இறங்கினால் உடம்பில் தலை இருக்காது என்று மேடையில் பேசிய வீடியோ மூன்று வாரம் ஓடியது. காசு கட்டி விளம்பரமாக ஓட்டினார்கள். ஊரில் முந்நூறு பேர் புகார் அனுப்பினார்கள். முந்நூறு பேருக்கும் ஒரே பதில் வந்தது, இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று. மண்டை உடைந்ததைக் காட்டினால் தப்பு, உடைப்பேன் என்று சொன்னால் தப்பில்லை. யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது?

ஊர்க்கூட்டம் போட்டார்கள். சிவராமன் எழுந்து பேசினான். இருபத்தொன்பது வயது, படித்தவன், வேறொரு கட்சியில் பொறுப்பிலும் இருந்தான். நாம் பார்க்கிறோம் என்பதைக் காட்டித்தான் அந்தக் கம்பெனி விளம்பரம் வாங்குகிறது, நம்மை வெட்டச் சொல்கிறவனுக்கு மேடை போட்டுக் கொடுத்து அதில் நாமே போய் உட்காரலாமா என்று கேட்டான். நியாயமான பேச்சுதான். இனி ஊரில் யாரும் லூமோவைத் தொடக் கூடாது என்று முடிவானது. தலைவர் அமிர்தலிங்கம் மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றச் சொன்னார். தலைக்கட்டுக்கு ஒருவராக வந்து, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

கல்யாணம் ஆன ஆண்தான் அங்கே தலைக்கட்டு. விதவை வீடு அரைவரி. வரி வாங்கிக்கொள்வார்கள், கற்பூரத்தைத் தொட விடமாட்டார்கள். மணிவேலுக்கு இன்னும் பெண் பார்க்கவில்லை, அதனால் அவனும் சேர்த்தியில்லை. மண்டைக் கட்டோடு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தான். யார் அடிபட்டதற்காக ஊர் சத்தியம் செய்ததோ அந்த வீட்டை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. பழக்கம் அப்படி, யாருக்கும் அது தோன்றக்கூட இல்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் செல்லம் லைவ் போட்டாள்.

கேட்டவர்களிடமெல்லாம், லைவ் போடாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று அவள் சொன்னது பாதி உண்மை. பட்டினத்து ஆரிபா பதினைந்து வருஷமாக அவளிடம் மீன் வாங்குகிறவள். எங்கோ நடக்கிற போரில் குழந்தைகள் சாவதை எழுதியதற்காக அவள் தம்பியின் பக்கத்தைக் கம்பெனி மூடியதிலிருந்து ஆரிபா வீட்டில் யாரும் லூமோவைத் தொடுவதில்லை. நீ போன் போட்டு என்ன மீன் என்று சொல், எங்கள் தெருவில் பத்து வீட்டுக்கு நான் பொறுப்பு என்றாள். அவளைப் போல இன்னும் நாலு பேர் கிடைத்திருப்பார்கள். லூமோ இல்லாமலும் செல்லம் பிழைத்திருப்பாள். மீதிப் பாதி வெறும் ரோஷம்.

மணிவேல்தான் கெஞ்சினான். "ஊரு ஒண்ணா நிக்கிதும்மா. நமக்காகத்தானே நிக்கிது. விட்டுடேன்."

"நமக்காகன்னா நம்மளக் கூப்புட்டு ஒரு வார்த்த கேக்க வேணாமா? அரைவரி குடுக்குறவளுக்கு அரை வாயாவது இருக்கணும்ல?"

அவன் போனைப் பிடுங்கப் பார்த்தான். செல்லம் கை ஓங்கிவிட்டாள். கன்னத்தில் விழ வேண்டியது காதோரம் விழுந்து, ஆறிக்கொண்டிருந்த தையலில் ரத்தம் கசிந்தது. உடனே முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவனையே திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள், அழுதாள். லூமோவை மட்டும் விடவில்லை.

அந்த ஒரு மாதம் ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. ரகசியமாக லூமோ பார்த்த ஏழெட்டுப் பேரின் போன்களைக் கல்லில் போட்டு நசுக்கினார்கள். கல்யாணப் படத்தைப் போட்ட புதுமாப்பிள்ளை ஒருவனைப் பெண்டாட்டி முன்னாலேயே வலைக்கயிற்றால் அடித்தார்கள். கடைசியில் சிவராமன் ஆறு பேரோடு கரைக்கு வந்தான். ஐஸ் பெட்டியைக் கவிழ்த்தார்கள். மீனெல்லாம் மணலில் புரண்டது. சிவராமன் போனைப் பறிக்க அவள் கையை முறுக்கினான். செல்லம் இன்னொரு கையால் மீன் வெட்டும் கத்தியை எடுத்து வீசினாள். அவனுக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் பிளந்து ரத்தம் கொட்டியது. மற்ற ஆறு பேரும் பின்னால் நகர்ந்தார்கள்.

"சத்தியம் பண்ணவன் கட்டுப்படட்டும். நான் எந்தக் கற்பூரத்துல கை வச்சேன்? எவனாவது சொல்லு" என்றாள்.

அவர்கள் வைத்த விதிதானே அது. ஆனால் ஊர் அப்படியே விட்டுவிடுமா? அமிர்தலிங்கம் யோசித்து ஒரு முடிவு சொன்னார். வடக்குக்காரர்களுக்குப் பயந்து படகுகள் பத்துப் பதினைந்தாகச் சேர்ந்து போய்ச் சேர்ந்து திரும்பிய காலம் அது. மணிவேல் படகு அந்தக் கூட்டத்தில் வரக் கூடாது. ஊர்க்காரன் ஒருவனும் அவன் படகில் ஏறக் கூடாது. அம்மா செய்ததற்குத் தண்டனை பிள்ளை தலையில் விழுந்தது. காரைக்காலிலிருந்து டென்னிஸ் என்கிற கூட்டாளி வந்தான். இரண்டு பேருமாகத் தனியே போய், ஊர்ப் படகுகள் கரையேறி ஒரு மணி நேரம் கழித்துத் தனியே வந்தார்கள்.

பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. பன்னிரண்டு நாளும் செல்லம் லைவில் அதைச் சொன்னாள். வீம்புக்கே சொன்னாள். ஊர்ப் படகெல்லாம் கரையேறிவிட்டது, என் பிள்ளை ஒருத்தன்தான் தனியாக வருகிறான், இன்னும் அரை மணி நேரம், யாரும் கலையாதீர்கள் என்று. நாலாயிரம் பேரில் யார் மீன் வாங்க நிற்கிறார்கள், யார் வேறு எதற்கோ நிற்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஆடிக் கடைசியில் ஒரு புதன்கிழமை, படகு எந்தப் பக்கமாக வருகிறது அக்கா என்று ஒருவன் எழுதிக் கேட்டான். "தென்கிழக்கால வருது கண்ணு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

படகு தெரிந்தது. போனை நீட்டி, பெரிதாக்கிக் காட்டினாள். அதன் பின்னால் இன்னும் இரண்டு படகுகள் வேகமாக வந்தன. ஊர்க்காரர் யாரோ மனமிரங்கி, அவனுக்குத் துணையாகப் பின்தங்கி வருகிறார்கள் என்று நினைத்தாள். "பாருங்க, கூடவே ரெண்டு போட்டு வருது, இன்னிக்கி மீனுக்குப் பஞ்சமே இல்ல" என்றாள்.

இரண்டு படகுகளும் மணிவேல் படகை நடுவில் வைத்து நெருக்கின. முதல் அடியிலேயே டென்னிஸ் தண்ணீரில் விழுந்தான், அதனால் பிழைத்தான். மணிவேல் துடுப்பைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒருவன் கம்பியால் முழங்காலில் அடித்தான். அவன் சரிந்ததும் இன்னொருவன் அரிவாளால் வெட்டினான். முதல் வெட்டு தோளில். துடுப்பு கையை விட்டுப் போனது. இரண்டாவது வெட்டைத் தடுக்கக் கையைக் குறுக்கே நீட்டினான், கை தொங்கியது. மூன்றாவது வெட்டு கழுத்தில் விழுந்தது.

கரையில் இருந்தவர்கள் கத்திக்கொண்டு ஓடிப் படகைத் தள்ளினார்கள். ஒதுக்கி வைத்ததை அப்போது ஒருவரும் நினைக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு முதலில் தண்ணீரில் பாய்ந்தவன் சிவராமன். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் வெட்டியவர்கள் வடக்கே திரும்பிவிட்டார்கள். செல்லம் நின்ற இடத்தில் நின்றாள். போன் அவள் கையில் கடலைப் பார்த்தபடியே இருந்தது. திரை ஓரத்தில் சிவப்பு சிவப்பாக இதயங்கள் மேலே பறந்துகொண்டிருந்தன. மீனைப் பார்த்துப் போட்டார்களோ, வெட்டைப் பார்த்துப் போட்டார்களோ, அந்தப் பாவிகளுக்குத்தான் வெளிச்சம்.

கம்பெனி அந்த வீடியோவை அரை மணி நேரத்தில் எடுத்தது. அதற்குள் ஆயிரம் பேர் இறக்கி வைத்துக்கொண்டார்கள். எடுக்க எடுக்க மறுபடி போட்டார்கள். முகம் தெளிவாகத் தெரிந்ததால் போலீஸ் நாலே நாளில் ஒன்பது பேரைப் பிடித்தது. வேண்டியதைப் பிரதி எடுத்துக்கொண்டு செல்லத்தின் போனைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

கருமாதி முடிவதற்குள் ஊரில் ஒரு வீடு பாக்கியில்லாமல் லூமோவுக்குத் திரும்பிவிட்டது. அம்மனுக்கு ஒரு குடம் பால் ஊற்றி மன்னிப்புக் கேட்டதோடு சத்தியம் தீர்ந்தது. மணிவேல் படத்தைப் போட்டு நீதி கேட்டார்கள். வீடியோவைப் பாட்டு சேர்த்துப் போட்டார்கள். செல்லம் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு அவள் குரலே கேட்டது, கூடவே ரெண்டு போட்டு வருது, கூடவே ரெண்டு போட்டு வருது என்று. டீக்கடையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவனின் கையில், கொதிக்கிற டீயோடு கண்ணாடி கிளாஸை அடித்து உடைத்தாள். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த இன்னொருவனின் போனை வாங்கி ஐஸ் உடைக்கும் கட்டையால் நொறுக்கினாள். அவனும் திருப்பி அடிக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அவள் தன் லூமோ பக்கத்தை மூடப்போகிறாள் என்று கேள்விப்பட்டு அமிர்தலிங்கமும் சிவராமனும் வீட்டுக்கு வந்தார்கள். இந்தத் தடவை அவளையும் ஒரு ஆளாக மதித்து எதிரே உட்கார்ந்து பேசினார்கள். நாலாயிரம் பேர் இருந்த பக்கத்தில் இப்போது இரண்டு லட்சம் பேர். அதில் அவள் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், அந்தப் பிரமுகரையும் உள்ளே தள்ளிவிடலாம் என்றார் அமிர்தலிங்கம். அதிலும் நியாயம் இருந்தது. அந்த வீடியோ இல்லாவிட்டால் ஒன்பது பேரில் ஒருவன்கூட அகப்பட்டிருக்க மாட்டான் என்பது செல்லத்துக்குத் தெரியும். இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சிவராமன் குனிந்துகொண்டே சொன்னான். அவன் கையில் அவள் போட்ட வெட்டு இன்னும் தழும்பாகவில்லை. "அத்த, பன்னண்டு லட்சம் பேரு பாத்துருக்காங்க. எல்லாரும் நம்ம பக்கம் நிக்கிறாங்க. இப்ப மூடுனா மணிவேலு செத்தது ஒண்ணுமில்லாமப் போயிடும்."

செல்லம் போனை அவனிடம் நீட்டினாள். பேசத்தான் போகிறாள் என்று அவன் கேமராவைத் திறந்தான்.

"அதில்ல. அழிக்கிறது எங்க இருக்குன்னு எடுத்துக் குடு."

"அத்த, பன்னண்டு லட்சம் பேரு."

"மொதல்ல பாத்தவ நாண்டா. நீ தண்ணியில குதிச்ச. பெத்தவ நான், நாப்பது வினாடி போனப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

அமிர்தலிங்கம் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். சிவராமன் தேடி எடுத்துக் கொடுத்தான். நிச்சயமாகவா என்று போன் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் செல்லமே விரலை வைத்து அழுத்தினாள்.