பதினோராம் அறையின் உள்தாழ்ப்பாள்

கண்டக்டர் என்றால்தான் அந்த முதியோர் குடியிருப்பில் அவரைத் தெரியும். முப்பத்தொரு வருடம் பேருந்தில் சீட்டுக் கிழித்தவர். ஏறுகிறவன் முகத்தைப் பார்த்தே இவன் சீட்டு வாங்காமல் எந்த நிறுத்தத்தில் நழுவுவான் என்று சொல்லிவிடுவார். பெண்சாதி போய் நாலு வருடம்; பிள்ளை இல்லை. தங்கையின் நடு மகன்தான் கொண்டுவந்து பதினோராம் அறையில் விட்டான். "ஒரு குரல் கொடுத்தா ஓடி வருவாங்க மாமா" என்றான். அவன் அண்ணன் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நடுவன் சின்ன வயதிலிருந்தே தேன் தடவிப் பேசுகிறவன்.

ஓடி வருகிறவர்களை நினைத்துத்தான் அவருக்குக் கவலை. காலை ஏழு மணிக்கு வார்டன் பெண் கதவைத் தட்டுவாள்.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

உடனே நோட்டில் ஒரு கோடு. தினமும் இதே கேள்வி, இதே கோடு. இன்னும் போய்ச் சேரவில்லையா என்று விசாரிக்கிறாள் என்றே அவருக்குப் பட்டது. காற்றோட்டமான அறை, எத்தனை பேருக்குக் கண்ணோ. உள்தாழ்ப்பாள் போடக்கூடாது என்று விதி வேறு. கேட்பாரா? போட்டுக்கொண்டுதான் படுத்தார். அப்படியும் கண் ஒட்டவில்லை.

ஒரு நாள் சோதித்துவிடுவது என்று முடிவு கட்டினார். அவள் கேட்டாள். இவர் கட்டிலில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டார். மறுபடி கேட்டாள். அப்புறம் செருப்புச் சத்தம் தடதடவென்று படியிறங்கியது. சரிதான், ஆபீசுக்கு நல்ல சேதி போகிறது என்று நினைத்தார்.

கீழே நாற்காலி பழுது பார்த்துக்கொண்டிருந்த தச்சர் கடப்பாரையோடு வந்தார். தாழ்ப்பாள் பிய்ந்து விழுந்தது. அவள் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

"இருக்கேம்மா" என்றார் கண்டக்டர்.

"வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தினம் இருக்கியா, இருக்கியான்னு கேட்டா என்னம்மா அர்த்தம்?"

"ரூம்ல இருக்கீங்களா, எங்கயாவது விழுந்து கிடக்கீங்களான்னு அர்த்தம். போன வருஷம் கீழ் ரூம் டீச்சரம்மா குளியலறைல வழுக்கி விழுந்தாங்க. ரூம் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தாங்க. மத்தியானம் வரைக்கும் யாருக்கும் தெரியல. அதுக்கப்புறம்தான் ஐயா இந்த நோட்டு."

கண்டக்டர் குனிந்து, பிய்ந்து கிடந்த தாழ்ப்பாளை எடுத்தார். கதவு வாய் பிளந்து நின்றது.

சாயங்காலம் தச்சர் புதுத் தாழ்ப்பாள் பொருத்தினார். உள்ளே போட்டாலும், வெளியே இருக்கிற சின்னப் பள்ளத்தில் காசை வைத்துத் திருப்பினால் திறக்கும். கண்டக்டருக்கு அது போதவில்லை. வார்டன் பெண்ணை உள்ளே போய்ப் போட்டுக்கொள்ளச் சொல்லி, தாமே வெளியே நின்று திருப்பினார். திறந்தது. இரண்டாம் தடவையும் திறந்தது.

"இந்த வித்தை உன்னோட இருக்கட்டும். ஆபீஸ்காரனுக்குச் சொல்லாதே."

"தச்சருக்குத் தெரியுமே ஐயா."

படியிறங்கிக்கொண்டிருந்த தச்சரின் முதுகையே பார்த்தார் கண்டக்டர்.

"அதான் யோசிக்கிறேன்" என்றார்.